ஒலிம்பிக் தங்கமா, இங்கிலாந்து டூரா? 1936-ல் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்த எம்.ஜே.கோபாலன்… யார் இவர்?

காலையில் கபடி, மாலையில் கிரிக்கெட். கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களில் இப்படி ரெண்டு விளையாட்டிலும் பின்னி எடுக்கிற பையன் ஒருத்தனாவது இருப்பான். பத்தாம் வகுப்பு தாண்டினதும் அவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எதையாவது ஒன்றைப் பிடி, எது வேணும்?

இதே கேள்வி, ஆனால் உலகத்தின் மிகப் பெரிய மேடையில், ஒரு தமிழ்நாட்டு வீரர் முன்னால் வந்து நின்றது. ஒரு கையில் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. இன்னொரு கையில் இந்திய கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து பயணம். ரெண்டும் ஒரே கோடைகாலம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவர் ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆடாமல் திரும்பினார்.

அவர்தான் எம்.ஜே.கோபாலன். இந்திய விளையாட்டு வரலாற்றின் மிகப் பெரிய தப்புக் கணக்கு என்று இந்த முடிவைச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அது தப்புக் கணக்கா? அவர் வாழ்க்கை முழுவதையும் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

யார் இந்த கோபாலன்?

கீழ்பென்னாத்தூரில் இருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக சென்னைக்கு பஸ் ஏறினால், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மாவட்டத்தில் மொரப்பாக்கம் என்று ஒரு கிராமம். அங்கே 1909-ம் ஆண்டு ஜூன் 6-ம் தேதி பிறந்தவர் கோபாலன். பெயருக்கு முன்னால் இருக்கும் 'எம்' அந்த ஊரைத்தான் குறிக்கிறது.

சின்ன வயதிலேயே குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. சேப்பாக்கம் மைதானம் கூப்பிடு தூரம். கடற்கரைக் காற்று, காலி இடம், பந்து. அங்கேதான் பையன் விளையாடப் பழகினான்.

அந்தக் காலத்து சேப்பாக்கம் இன்றைக்கு நாம் டிவியில் பார்க்கிற சேப்பாக்கம் இல்லை. அது வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வசம் இருந்த மைதானம். இந்திய வீரர்களுக்கு அங்கே சம மரியாதை கிடையாது. இந்த அவமானம் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு என்பவர், இந்தியர்களுக்காகத் தனி கிளப் தொடங்கினார். இந்தியர்கள் அணியும் ஐரோப்பியர்கள் அணியும் மோதும் 'பிரசிடென்சி மேட்ச்' பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடக்கும். மெட்ராஸில் அப்போது அதுதான் பெரிய திருவிழா. புச்சி பாபு என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலை கொடுத்த ஆட்டம்

கோபாலனின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் சி.பி.ஜான்ஸ்டன். மெட்ராஸ் கிரிக்கெட்டில் பெரிய பெயர் வாங்கிய ஆங்கிலேயர். பெட்ரோலிய நிறுவனமான பர்மா ஷெல்லில் அதிகாரி. கோபாலனுக்கும் அதே நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார்.

இது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு இந்தியாவில் கிரிக்கெட் ஆடினால் சம்பளம் கிடையாது. ஐபிஎல் ஏலமும் இல்லை, வாரியத்தின் ஒப்பந்தமும் இல்லை. ராஜா வீட்டுப் பிள்ளை என்றால் கவலை இல்லை. அல்லது ஒரு மகாராஜாவின் ஆதரவு வேண்டும். ரெண்டும் இல்லாத கிராமத்துப் பையனுக்கு, லீவு கொடுத்து ஆட அனுப்புகிற ஒரு கம்பெனி வேலைதான் ஒரே வழி. பர்மா ஷெல் வேலை கோபாலனுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது.

அவர் வலது கை வேகப்பந்து வீச்சாளர். தேவைப்பட்டால் பேட்டிங்கிலும் கை கொடுப்பார். கிரிக்கெட் சீசன் முடிந்தால் கையில் ஹாக்கி மட்டை. அதிலும் அவர் சும்மா பொழுதுபோக்கு ஆட்டக்காரர் இல்லை.

ரஞ்சி டிராபியின் முதல் பந்து

1934-ம் ஆண்டு ஜனவரி மாதம் கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட். இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின். 'பாடிலைன்' பந்துவீச்சால் ஆஸ்திரேலியாவையே கொந்தளிக்க வைத்துவிட்டு இந்தியாவுக்கு வந்திருந்தவர். இந்திய கேப்டன் சி.கே.நாயுடு. அந்தப் போட்டியில் கோபாலன் டெஸ்ட் வீரர் ஆனார்.

ஒரு விக்கெட் எடுத்தார். ரெண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன். போட்டி டிரா.

அடுத்த டெஸ்ட் எங்கே தெரியுமா? சேப்பாக்கம். அந்த மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியே அதுதான். தான் வளர்ந்த தெருவுக்குப் பக்கத்து மைதானம், தன் ஊர் ஜனம். ஆனால் ஆடும் லெவனில் கோபாலன் இல்லை. கொல்கத்தாவில் ஆடிய அந்த ஒரு டெஸ்ட்தான் அவருடைய முதலும் கடைசியுமான டெஸ்ட்.

ஆனால் அதே வருடம் நவம்பர் 4-ம் தேதி, அதே சேப்பாக்கத்தில், வேறு ஒரு பெருமை அவருக்குக் காத்திருந்தது. இன்றைக்கு ரஞ்சி டிராபி என்று நாம் சொல்லும் தேசியப் போட்டியின் முதல் ஆட்டம். மெட்ராஸ் - மைசூர். அந்த ஆட்டத்தின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அதாவது 90 ஆண்டுகளைத் தாண்டி இன்றுவரை நடந்துகொண்டிருக்கும் ரஞ்சி டிராபியின் முதல் பந்து, மொரப்பாக்கத்துக்காரர் கையில் இருந்து புறப்பட்டது.

அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது இன்னொரு வேடிக்கை. மைசூர் முதல் இன்னிங்ஸில் 48, ரெண்டாவது இன்னிங்ஸில் 59. நடுவில் மெட்ராஸ் அடித்தது 130. இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்னில் வெற்றி. சுழற்பந்து வீச்சாளர் ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் அள்ளினார்.

தயான்சந்துக்குப் பின்னால் நின்றவர்

இப்போது ஹாக்கிக்கு வருவோம். கோபாலன் ஆடிய இடம் 'சென்டர் ஹாஃப்'. அப்போதைய ஹாக்கியில் முன்னால் ஐந்து பேர், நடுவில் மூன்று பேர், பின்னால் ரெண்டு பேர், கடைசியில் கோல்கீப்பர். நடுவில் நிற்கும் மூன்று பேரில் மையமாக நிற்பவர்தான் சென்டர் ஹாஃப். எதிரணி தாக்க வந்தால் முதலில் தடுக்க வேண்டியவர் அவர். பந்தைப் பறித்ததும் முன்வரிசைக்குக் கடத்த வேண்டியவரும் அவரே. அதிகமாக ஓட வேண்டிய இடம், கோல் போட்டவர் பட்டியலில் பெயர் வராத இடம்.

1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து பயணம் போனது. கேப்டன் தயான்சந்த். அந்த அணியில் கோபாலனும் இருந்தார். பயணத்தில் ஆடிய 48 ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு வெற்றி. தயான்சந்த் மட்டும் 201 கோல் அடித்தார்.

இந்தப் பயணத்தோடு கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி ரெண்டிலும் நாட்டுக்காக ஆடியவர் ஆகிவிட்டார். இப்படிப்பட்டவர்களை 'டபுள் இன்டர்நேஷனல்' என்பார்கள். அடுத்த வருடம் பெர்லின் ஒலிம்பிக். நியூசிலாந்தில் ஆடிய வீரருக்கு அந்த அணியில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

1936: ரெண்டு அழைப்பு, ஒரே கோடை

சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. இந்திய கிரிக்கெட் அணியின் இங்கிலாந்து பயணம் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும். ஒலிம்பிக் நடப்பது ஆகஸ்டில். கப்பல் பயணக் காலம் அது. ஒன்றை முடித்துவிட்டு விமானம் பிடித்து இன்னொன்றுக்குப் போகிற கதையெல்லாம் நடக்காது. ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதுக்குக் கும்பிடு போட வேண்டியதுதான்.

கோபாலன் கிரிக்கெட் அணியோடு கப்பல் ஏறினார்.

இன்றைக்கு நமக்கு முடிவு தெரியும், அதனால் அவர் ஏமாந்துவிட்டார் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1936 ஏப்ரலில் நின்று பாருங்கள். இந்திய ஹாக்கி அணி ஏற்கனவே 1928 ஆம்ஸ்டர்டாமிலும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸிலும் தங்கம் வாங்கிவிட்டது. அந்த மேடையில் இந்தியா ஏற்கனவே ராஜா. கிரிக்கெட்டில் நிலைமை தலைகீழ். டெஸ்ட் ஆட ஆரம்பித்தே நான்கு வருடம்தான், ஒரு வெற்றிகூட இல்லை. கோபாலனுக்கு அதில் ஒரே ஒரு டெஸ்ட். சொந்த ஊர் டெஸ்டில் இடம் இல்லை. லார்ட்ஸ், ஓவல் என்று பெயர் கேட்டு வளர்ந்த வேகப்பந்து வீச்சாளருக்கு இங்கிலாந்து ஆடுகளம் என்பது வாழ்நாள் கனவு. இன்னொரு டூர் எப்போது வரும், அப்போது தன்னைக் கூப்பிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் எடுத்தது பைத்தியக்கார முடிவு இல்லை.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

அணியின் கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார். 'விஜ்ஜி' என்று கூப்பிடுவார்கள். அந்தத் தொடரில் மூன்று டெஸ்டிலும் ஆறு இன்னிங்ஸ் ஆடி மொத்தம் 33 ரன் எடுத்தவர். ஆட்டத்தைவிட அரண்மனைச் செல்வாக்கால் கேப்டன் ஆனவர் என்ற விமர்சனம் இன்றுவரை உண்டு. அணிக்குள் கோஷ்டிச் சண்டை. நல்ல ஃபார்மில் இருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே கோபாலனுக்கு இன்னொரு பிரச்சினை. வேகப்பந்து வீச ஏற்கனவே முகமது நிசார் இருந்தார். லங்காஷயர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அமர்சிங்கை டெஸ்டுக்கு மட்டும் வரவழைத்தார்கள். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஜஹாங்கீர் கானும் டெஸ்ட் அணிக்குள் வந்தார். கப்பலில் கூடவே வராத ரெண்டு பேர் வேகப்பந்து இடங்களை நிரப்பிவிட்டார்கள். இந்தியாவில் இருந்து கிளம்பும்போது அணிப் பட்டியலைப் பார்த்து யாரும் போட முடியாத கணக்கு இது.

லார்ட்ஸ் டெஸ்ட், கோபாலன் இல்லை. மான்செஸ்டர் டெஸ்ட், கோபாலன் இல்லை. மூன்றாவது டெஸ்ட் ஓவல் மைதானத்தில் ஆகஸ்ட் 15-ம் தேதி தொடங்கியது. அதிலும் இல்லை. தொடரை இந்தியா 0-2 என இழந்தது.

அதே ஆகஸ்ட் 15-ம் தேதிதான் பெர்லினில் ஹாக்கி இறுதிப்போட்டி. முதல் நாள் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய் அன்றைக்கு நடந்தது. ஜெர்மனியை அவர்கள் மண்ணிலேயே 8-1 என்று நொறுக்கியது தயான்சந்த் அணி. ஒலிம்பிக் தொடர் முழுவதும் இந்தியா வாங்கிய ஒரே கோல் அந்த இறுதிப்போட்டியில் வாங்கியதுதான்.

ஓவலில் ஆடாமல் உட்கார்ந்திருந்த நாளும், பெர்லினில் தங்கம் வென்ற நாளும் ஒன்றே. இப்படி ஒரு ஒற்றுமையை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

அதே கப்பலில் இன்னொரு மெட்ராஸ்காரர்

புச்சி பாபு பெயரை ஞாபகம் வைக்கச் சொன்னோமே, அவருடைய மகன் சி.ராமசாமி. அவரும் அந்த டூரில் இருந்தார். அவரும் ஒரு டபுள் இன்டர்நேஷனல்தான். 1922-லேயே இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். டூர் கிளம்பும்போது வயது 40-ஐ நெருங்கிவிட்டது. அந்த வயதில் மான்செஸ்டரில் டெஸ்ட் அறிமுகம். 40, 60 என்று ரன் அடித்தார். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. ரெண்டு டெஸ்டோடு கணக்கை முடித்துக்கொண்டார், சராசரி 56-க்கு மேல்.

ஒரே ஊர், ஒரே கப்பல். 40 வயதுக்காரருக்கு கிடைத்த வாய்ப்பு, 27 வயதுக்காரருக்கு கிடைக்கவில்லை. இதில் திறமைக்கு எவ்வளவு பங்கு, நேரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ரக்பி வீரருக்கு ஏன் இந்தச் சிக்கல் வரவில்லை?

கோபாலன் காலத்திலேயே நியூசிலாந்தில் எரிக் டின்டில் என்று ஒருவர் இருந்தார். கோபாலனைவிட ஒரு வயது சின்னவர். கிரிக்கெட், ரக்பி ரெண்டிலும் நாட்டுக்காக ஆடினார். 1936 ஜனவரியில் லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ரக்பி டெஸ்ட். அடுத்த வருடம் ஜூனில் அதே லண்டனில் லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் டெஸ்ட். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை.

காரணம் எளிமையானது. ரக்பி குளிர்கால ஆட்டம், கிரிக்கெட் கோடைக்கால ஆட்டம். காலண்டர் தானாகவே வழிவிட்டது. கோபாலனுக்கு அந்த வருடம் ரெண்டும் ஒரே மாதத்தில் வந்து முட்டிக்கொண்டன. ரெண்டு பேருக்கும் திறமை இருந்தது, தேதி ஒருவருக்கு மட்டும்தான் ஒத்துழைத்தது.

இன்றைக்கு டபுள் இன்டர்நேஷனல் என்ற இனமே கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. வருடம் முழுக்க போட்டிகள், லீக், ஒப்பந்தம். பதினைந்து வயதிலேயே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். கோபாலனுக்கு 26 வயதில் வந்த கேள்வி இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிடுகிறது.

திரும்பி வந்த பிறகு?

இங்கிலாந்தில் இருந்து திரும்பிய கோபாலன் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கதையின் இந்தப் பகுதியைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மெட்ராஸ் அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். ஒன்று, ரெண்டு வருடம் இல்லை, நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார். மொத்தம் 78 முதல்தரப் போட்டிகள், 194 விக்கெட்டுகள், 2,900-க்கும் மேல் ரன். நடுவில் உலகப் போர் வந்து 1940-களின் முதல் பாதியில் டெஸ்ட் கிரிக்கெட்டே நின்றுபோனது. அந்தத் தலைமுறை வீரர்களின் நல்ல வயது அப்படியே கரைந்தது. இன்னொரு டெஸ்ட் கோபாலனுக்குக் கிடைக்கவே இல்லை.

அவர் ஆடிய காலத்தில் மெட்ராஸ் ரெண்டு முறை ரஞ்சி இறுதிப்போட்டிக்குப் போய்த் தோற்றது. முதல் கோப்பை 1954-55 சீசனில்தான் வந்தது. அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அந்தக் கோப்பைக்கு முந்தைய கால் நூற்றாண்டில் மெட்ராஸ் பந்துவீச்சைச் சுமந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அவருடைய 25 ஆண்டுகால முதல்தர கிரிக்கெட்டைக் கொண்டாட, 1952-53 சீசனில் 'கோபாலன் டிராபி' தொடங்கப்பட்டது. மெட்ராஸ் அணிக்கும் சிலோன் அணிக்கும் இடையே நடக்கும் போட்டி. ஒரு வீரர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் ரெண்டு நாட்டு வீரர்கள் மோதும் கோப்பை என்பது லேசுப்பட்ட மரியாதை இல்லை.

இந்தப் போட்டிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது 1982-ல்தான். அதற்கு முன்னால் அந்த நாட்டு வீரர்களுக்குத் தரமான வெளிநாட்டுப் போட்டி அபூர்வம். பல ஆண்டுகள் அந்தப் பசிக்குச் சோறு போட்டதில் கோபாலன் டிராபிக்குப் பங்கு உண்டு. 1970-களின் நடுப்பகுதி வரை இந்தப் போட்டி நடந்தது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் வளர்ந்த ஒரு டெஸ்ட் அணியின் கதையிலும் மொரப்பாக்கத்துக்காரர் பெயர் இருக்கிறது.

1950-களில் தேசிய தேர்வுக்குழுவிலும் கோபாலன் இருந்தார். ஆடும் லெவனுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு தொடர் முழுக்கப் பார்த்த மனிதர், யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்யும் நாற்காலிக்கு வந்தார்.

2003-ம் ஆண்டு டிசம்பர் 21-ம் தேதி சென்னையில் காலமானார். வயது 94. அன்றைக்கு உயிரோடு இருந்த உலக டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் அவர்தான்.

சரி, அது தப்புக் கணக்கா?

கையில் வந்திருக்கக் கூடிய பதக்கத்தை மட்டும் எண்ணினால், ஆமாம். ஒலிம்பிக் தங்கம் போனது போனதுதான். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஆனால் ஒரு தேர்வை அதன் விளைவை வைத்து மட்டும் எடை போட்டால், தேர்ந்தெடுத்தவருக்கு நியாயம் செய்ய முடியாது. கோபாலன் தோற்றது திறமையில் இல்லை, உழைப்பிலும் இல்லை. அணிக்குள் நடந்த அரசியல், கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர்கள், மோதிக்கொண்ட தேதிகள்… இவை எதுவும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருந்தது அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது மட்டும்தான். அவர் மறுபடியும் பந்தை எடுத்துக்கொண்டு சேப்பாக்கத்துக்குப் போனார், இன்னும் 15 வருடம் ஓடி வந்து வீசினார்.

உங்கள் வீட்டிலோ, தெருவிலோ ரெண்டு ஆட்டத்துக்கு நடுவே தவிக்கிற பிள்ளை இருந்தால், தங்கத்தைத் தவறவிட்டவர் என்ற ஒற்றை வரியோடு இந்தக் கதையை முடித்துவிடாதீர்கள். ரஞ்சி டிராபியின் முதல் பந்தை வீசியவர் யார் என்றும் சொல்லுங்கள்.